எஸ்திரித் ராணியின் விடியல் சீர்

ஓரிடத்தில் இருபது ஆண்டு வாழ்ந்துவிட்ட ஒருவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டார் என்று எதை வைத்துச் சொல்வது? உடல் வந்து இறங்கியதை எல்லோரும் பார்க்கிறார்கள். மற்றதற்குச் சாட்சி கிடையாது. எஸ்திரித் ராணி இருந்த காலம் முழுவதும் எங்கள் தீவு அரண்மனையில் இந்தக் கேள்வி இருந்தது. அடுப்படியில் அதைக் கேட்ட விதம் மட்டும் வேறு.

"ராணியம்மா எங்கடி?"

"இன்னும் கப்பல்லதான் இருக்காங்க. பனி விலகினதும் வருவாங்க."

தலைமைச் சமையல்காரி இல்வா கிளப்பிவிட்ட கேலி இது. ராணி அப்போது பத்தடி தள்ளி, கையில் சாவிக்கொத்தோடு, கம்பளி மூட்டைகளின் முன்னால் நின்றுகொண்டிருப்பார். எந்த அறைக்குப் போக வந்தோம் என்பது மறந்து நிற்பார். சாப்பிடும்போது கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தலையசைப்பார். அது திமிர் என்றார்கள் சிலர். ஊர் நினைப்பு என்றார்கள் பலர்.

அவர் டென்மார்க் அரசரின் கடைசித் தங்கை. இரண்டு நாடுகளும் எல்லைக் காடுகளில் வெட்டிக்கொண்டு களைத்துப்போன ஓர் ஆண்டில், சமாதானம் பேசியவர்கள் அவரை எங்கள் கோத்தர் நாட்டுக்கு ராணியாக அனுப்பிவைத்தார்கள். பதினேழு வயது. கடலில் கப்பல், சேற்றுப் பாதையில் குதிரை, கடைசியாக வெட்டர் ஏரியில் எங்கள் தீவுக்கு ஒரு படகு. அன்று மூடுபனி கண்ணை மறைத்தது. படகுக்காரர்களுக்குத் திசை தெரியட்டும் என்று தீவிலிருந்து கொம்பு ஊதிக்கொண்டே இருந்தார்கள். படகு கரை தட்டியதும் அவர் இறங்கினார். இறங்கியவர் எங்களைப் பார்க்காமல் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இன்னொரு படகு வர வேண்டியிருப்பதுபோல, அதில் வருகிறவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதுபோல நின்றார். அரசர் ஃபோல்கே கையை நீட்டியபடி காத்திருந்தார். அவருக்கும் வயது அதிகமில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"வேற யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார் அரசர்.

"இல்ல" என்றார் எஸ்திரித். ஆனாலும் உடனே நகரவில்லை.

நான் அந்த அரண்மனையின் கிறிஸ்தவக் கோயிலில் பூசை வைக்கும் சாமியாராக இருந்தேன். திருமணத்தை நான்தான் நடத்திவைத்தேன். ஆனால் எங்கள் நாட்டில் கோயில் முடிந்தால் திருமணம் முடிந்துவிடாது. மறுநாள் விடியலில், மனைவிக்கு என்ன தருகிறேன் என்று கணவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குடியானவன் ஒரு பசுவைச் சொல்வான், அரசன் சில ஊர்களைச் சொல்வான். சாட்சிகள் எல்லோரும் ஒரே ஈட்டியின் காம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்பார்கள். பெண் அப்போது கன்னிப்பெண்போலத் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொல் முடிந்த பிறகுதான் அவள் தலையில் முக்காட்டுத் துணி ஏறும். பிறகு சாகும்வரை பிறர் முன்னால் அது இறங்காது. அந்த விடியல் சீர் இல்லாதவள் எத்தனை பிள்ளை பெற்றாலும் மனைவி இல்லை, சேர்த்துக்கொண்ட பெண்தான்.

எஸ்திரித்துக்குப் பணிவிடை செய்யக் குன்வோர் என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். குடியானவர் வீட்டுப் பெண். அவள் ஊரில் கணவன் படுக்கையை விட்டு எழுவதற்குள் பசுவின் பெயரைச் சொல்லிவிடுவான். அதனால் மணப்பெண் எழுந்து உட்கார்ந்ததும் முக்காடு போட்டுவிடுவார்கள். அரண்மனையில் அரசர் குளித்து, உடுத்தி, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வருவார் என்பது அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்து பார்த்தாள். படுக்கையின் ஓரத்தில் புதுப்பெண் வெறும் தோளோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். குன்வோர் பெட்டியிலிருந்து முக்காட்டை எடுத்துத் தலையைச் சுற்றி இறுகக் கட்டி, காதுவரை இழுத்துவிட்டாள்.

பிறகு அரசர் வந்தார். முந்தின இரவின் பீர் இன்னும் தெளியாத சாட்சிகள் ஈட்டியைப் பிடித்தார்கள். தென்கடற்கரையில் மூன்று ஊர்களை அரசர் சொன்னார். தலை மூடியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை. டென்மார்க்கில் வழக்கம் வேறு, அதனால் எஸ்திரித்துக்கும் தெரியவில்லை. நான் வெளியே நின்றிருந்தேன். மத்தியானம் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டபோதுதான் குன்வோருக்குத் தான் செய்தது புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

வெட்டர் ஏரி சில நாட்களில் பொய் காட்டும். இளவேனிலில் காற்று அடங்கிய பகல்களில் எதிர்க்கரை தண்ணீரை விட்டு மேலே எழும்பி அந்தரத்தில் நிற்கும். காடுகள் தலைகீழாகத் தொங்கும். இல்லாத தீவுகள் வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையும். எங்கள் ஆட்கள் யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "ஏரி கனவு காணுது" என்று சொல்லிவிட்டு மீனைச் சுத்தம் செய்யப் போய்விடுவார்கள். ராணி மட்டும் கரையில் நின்று பார்ப்பார். அந்த ஒளியில் அவருடைய உருவமும் கொஞ்சம் தரையை விட்டு எழும்பினாற்போல இருக்கும். அவருக்கு அங்கே டென்மார்க் தெரிகிறது என்று அரண்மனை முழுவதும் நம்பியது.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "அப்படி எதைப் பாக்கறீங்க?"

"பாக்கல சாமி" என்றார். "நிக்கறேன்."

நல்ல ராணியா என்று கேட்டால், நல்லவர் என்று உடனே சொல்ல எனக்கு நா எழாது. விருந்தாளிகளுக்குத் தன் கையால் பீர் ஊற்றுவார், ஆனால் யாருக்கு ஊற்றினோம் என்பது நினைவிருக்காது. பனிக்காலத்தில் கம்பளி பங்கிட்டார். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை கொடுத்து இன்னொரு வீட்டை விட்டுவிட்டதும் உண்டு. யாரையும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. அன்பு காட்டினார் என்று அடித்துச் சொல்லவும் யாரும் இல்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று கோடை இருந்தது, சில சொற்கள் பேசியது, காய்ச்சலில் போய்விட்டது. அரச குலத்தில் முறையாகப் பிறந்த பிள்ளைகளைப் புதைக்கும் இடத்தில், கோயிலுக்குள் பலிபீடத்தின் இடப்பக்கம், அதைப் புதைத்தோம். ராணி அழுததை நான் பார்க்கவில்லை. பூசை நேரத்தில் அவர் நிற்கும் இடம் மட்டும் அன்றிலிருந்து இடப்பக்கமாக மாறியது. அதற்குப் பிறகு குழந்தை இல்லை.

அப்படியே அவர் முக்காட்டுக்குள் நரைத்தார்.

இருபதாம் ஆண்டில் வடக்கே போர் மூண்டது. அண்டை இனமான ஸ்வீயர்களின் தலைவன் படையோடு எங்கள் பக்கம் சேரத் தயார். ஆனால் தன் மகளை ராணியாக்க வேண்டும் என்றான். அரசருக்கோ வாரிசு இல்லை. ஆலோசனை சொல்லும் பெரியவர்கள் ஒரு வழி கிடைக்காதா என்று சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குன்வோர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

அறுவடை விருந்துக்குப் பீர் காய்ச்சும் கொட்டகை. புதிதாக வந்த ஒரு பணிப்பெண் மாவூறலைத் தீய்த்துவிட்டு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். குன்வோர் அப்போது பருத்து, பல் இரண்டு போய், எல்லோருக்கும் அக்காவாகிவிட்டிருந்தாள்.

"இதுக்கே அழறியா? அடி போடி. நான் பண்ணின கூத்தைக் கேட்டா நீ இந்த அண்டாக்குள்ளயே விழுந்து சிரிப்ப."

"என்னக்கா பண்ணினீங்க?"

"ராசா சீர் சொல்ல வர்றதுக்கு முன்னாடியே ராணியம்மா தலைல முக்காட்ட கட்டிட்டேன்! காதுவரைக்கும்! அந்தாளு வந்து தலைய மூடின பொண்ணுகிட்ட ஊர் ஊராச் சொல்றாரு. தடியனுங்க ஈட்டியப் பிடிச்சுகிட்டுத் தூங்கறானுங்க."

"அய்யய்யோ! யாரும் பாக்கலயா?"

"அவனுங்க எங்கடி பாத்தானுங்க? ஒருத்தன் ஈட்டிய விட்டா கீழ விழுந்துருப்பான்."

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். சட்டம் சொல்லும் தோர்கிலின் மனைவியும் பீரைச் சுவை பார்க்க அங்கே வந்திருந்தாள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு நேரத்தில் வேடிக்கையாகக் கணவனிடம் சொன்னாள். தோர்கில் சிரிக்கவில்லை. எங்கள் சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் அவர். ஏட்டில் இல்லாதது அவர் வாயில் இருந்தது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

தலை மூடியவளுக்குச் சொன்ன சீர் செல்லாது. சீர் இல்லையென்றால் திருமணம் இல்லை. எஸ்திரித் ராணி இல்லை. யாரையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை, சண்டை இல்லை, பழி இல்லை. இருபது ஆண்டுகளும் நடக்கவில்லை என்று ஒருநாள் மன்றில் சொல்லிவிட்டால் போதும். பெரியவர்கள் தங்கள் தாடிக்குள் மகிழ்ந்தார்கள். டென்மார்க்குக்கு ஆள் போனது. அங்கேயும் மனத்தாங்கல் இல்லை. அத்தையை அழைத்துப்போக அவருடைய அண்ணன் மகன் எப்பே கப்பலோடு வருவதாகச் செய்தி வந்தது.

அடுப்படியில் மட்டும் யாரும் மகிழவில்லை. இல்வா முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "சாமி, ராணி ராணியில்லன்னா அந்தக் கொழந்த என்ன ஆவுது? தோண்டி எடுத்து வெளிய வெப்பாங்களா?"

"அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க" என்றேன்.

"செய்யலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க."

சட்டப்படி செய்யலாம். நான் சொல்லவில்லை. அவள் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள், மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

குன்வோர் ராணியின் அறைக்குப் போய்க் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "என் வாயில மண்ணப் போடுங்கம்மா. நான் சிரிச்சுப் பேசினது உங்களக் கொண்டுபோயிடுச்சே."

ராணி அவளைத் தூக்கி நிறுத்தினார். "குளிருச்சு. நீ கட்டிவிட்ட. இதமா இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். குன்வோர் வெளியே வந்து எங்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் அதிகமாக அழுதாள்.

அரசர் தானே நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். தனியாகப் பேசக் கூச்சம். என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். இலையுதிர் காலம் அசாதாரணமாக வெதுவெதுப்பாக இருந்தது, தண்ணீர் கண்ணாடிபோல். ராணி வழக்கமான இடத்தில் நின்றிருந்தார்.

"உன் அண்ணன் மகன் வரானாம்" என்றார் அரசர்.

"சொன்னாங்க."

"சீதனம் முழுசும் திருப்பித் தரேன். வெள்ளி, குதிரைங்க, எல்லாம். உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லமுடியாது. கல்யாணமே நடக்கலன்னுதான் ஆகும்."

"நடக்கலன்னு."

"சட்டப்படி."

அரசர் காலணியால் ஒரு கூழாங்கல்லை உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உனக்குப் போகணும்னு இருந்தது எனக்கு எப்பவுமே தெரியும் எஸ்திரித். இங்க நின்னு நின்னு பாக்கறியே. உன்னப் பிடிச்சு வெச்சிருந்தேன்னு இருக்க வேண்டாம். போர் ஒரு பக்கம் இருக்கட்டும். உனக்கும் இது நல்லதுதானே?"

"அங்க பாருங்க" என்றார் ராணி. "இன்னிக்கு மரமெல்லாம் தலைகீழா நிக்குது."

அதைச் சம்மதம் என்று அரசர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒருவருடைய மௌனத்துக்குள் நாம் போட்டுவைக்கும் சொற்கள் எத்தனை எளிதாக அவருடையவை ஆகிவிடுகின்றன! திரும்பி நடக்கும்போது அரசரின் முகத்தில் நிம்மதி இருந்தது. ஏதோ ஒன்று குறைந்துபோன நிம்மதி.

எப்பே வந்து சேர்ந்தான். சிவந்த கன்னம், ஓயாத பேச்சு, கூடவே உப்பிட்ட மீன் பீப்பாய்கள். வந்ததும் ராணியைக் கட்டிக்கொண்டு சுழற்றினான்.

"அத்தை, உங்க அறை அப்படியே இருக்கு. ஜன்னலத் திறந்தா கடல். பாட்டி நட்ட ஆப்பிள் மரம் இப்ப கூரைக்கு மேல போயிடுச்சு. இந்தக் குட்டைய இருபது வருஷம் பாத்தீங்களே, கண்ணு வலிக்கலயா?"

"ஆழமான குட்டை" என்றார் ராணி. அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். சிரிக்கலாமா என்று தெரியாமல் எப்பே என்னைப் பார்த்தான்.

மன்று கூடும் மேடு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மக்கள் முந்தின நாளே படகுகளில் வந்து கூடாரம் போட்டுவிட்டார்கள். வழக்கை எப்போதும் காலையில்தான் எடுப்பார்கள், யாரும் குடித்திருக்கக் கூடாது என்பதற்காக. பனித்துளி காயாத புல்லில் எல்லோரும் வட்டமாக நின்றோம். பாதி பனிக்குள் இருந்த கூட்டத்தில் பின்வரிசை ஆட்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தார்கள். மேட்டின் நடுவில் கல்லின்மேல் தோர்கில் நின்றார். ஒருபுறம் அரசரும் பெரியவர்களும். மறுபுறம் ராணி, எப்பே, பயணத்துக்குச் சேணம் பூட்டிய குதிரைகள்.

குன்வோரைக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூக்கை உறிஞ்சினாள்.

"சீர் சொல்லும்போது தலை மூடியிருந்ததா?" என்றார் தோர்கில்.

"மூடியிருந்துச்சுங்க. நான்தான் மூடினேன். நாசமாப் போன கை."

"கையப் பத்திக் கேக்கல." தோர்கில் ராணியின் பக்கம் திரும்பினார். "இவ சொன்னது உண்மையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ராணியின் சத்தியத்துக்கு எதிராக ஒரு பணிப்பெண்ணின் பேச்சு நிற்காது, எங்கள் சட்டத்தில். இல்வா என் அங்கியின் கையைப் பிடித்து முறுக்கினாள்.

"உண்மை" என்றார் ராணி.

எப்பே பெருமூச்சு விட்டுக் குதிரையின் கடிவாளத்தைப் பற்றினான். பெரியவர்களில் ஒருவர் அரசரின் முதுகைத் தட்டினார். தோர்கில் தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறந்தார்.

ராணி கையை உயர்த்தித் தன் முக்காட்டின் ஊசியை எடுத்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை. குளிரில் ஊசி நழுவுகிறது, சரிசெய்கிறார் என்று நினைத்தோம். அவர் துணியைச் சுற்றுச் சுற்றாக, அவசரமில்லாமல் அவிழ்த்தார். அதை மடித்துக் குன்வோரிடம் கொடுத்தார். பின்னலையும் பிரித்துவிட்டார். முடி பாதிக்குமேல் நரைத்து இடுப்புவரை விழுந்தது. கல்யாணமான பெண் ஒருத்தி நாடே பார்க்கத் தலையைத் திறந்து நிற்பதை அதுவரை நாங்கள் யாரும் கண்டதில்லை. சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் புல்லில் நடந்து போய் அரசரின் முன்னால் நின்றார்.

"விடிஞ்சுடுச்சு" என்றார். "சொல்லுங்க."

எங்கோ ஒரு குதிரை தலையை உதறும் சத்தம் கேட்டது. பெரியவர் ஒருவர், "இது என்ன கூத்து? தோர்கில், சட்டத்தச் சொல்லுய்யா" என்று கத்தினார்.

தோர்கில் கண்ணை மூடி உதடுகளை அசைத்தார். மனத்துக்குள் தொடக்கத்திலிருந்து சொல்லிப்பார்க்கிறார் என்பது தெரிந்தது. கூட்டம் பொறுத்திருந்தது. கண்ணைத் திறந்தபோது அவருக்கே தான் சொல்லப்போவது பிடித்ததா என்று தெரியவில்லை.

"காலையில சொல்லணும். திறந்த தலைக்குச் சொல்லணும். சாட்சிங்க ஈட்டி பிடிக்கணும். மொதக் காலையிலதான் சொல்லணும்னு எங்கயும் வரல."

"அப்ப?"

"ராசா சொன்னா சீர்தான். சொல்லலன்னா இந்தம்மா போகலாம்."

எல்லாம் இப்போது அரசரின் வாயில் வந்து நின்றது. வடக்கே படை, வாரிசு, பெரியவர்களின் திட்டம் எல்லாம். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. நரைத்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டில் அவர் அதைப் பகலில் பார்த்ததில்லை.

"போகணும்னுதானே இருந்த?" என்றார் மெதுவாக.

ராணி வேறெங்கும் பார்க்கவில்லை. அவர் கண்கள் எதிரில் நிற்பவர் மேலேயே இருந்தன. அதை நான் கண்டது அன்று முதல் முறை.

அரசர் பின்னால் கையை நீட்டினார். "ஈட்டி."

யாரும் அசையவில்லை. "ஈட்டி கேட்டேன்" என்றார் மறுபடியும். ஒரு காவலாள் கொடுத்தான். பெரியவர்கள் தயங்கினார்கள். தோர்கில்தான் முதலில் கல்லிலிருந்து இறங்கி வந்து காம்பைப் பிடித்தார். பிறகு சில குடியானவர்கள், ஒரு படகுக்காரர், கடைசியில் வேறு வழியில்லாமல் பெரியவர்களில் இருவர். எப்பே வாயைத் திறந்தபடி நின்றான்.

"அன்னிக்குச் சொன்னதே சொல்றேன்" என்றார் அரசர். "தெக்குக் கடலோரத்துல மூணு ஊர். துறைமுகத்தோட. அங்கேருந்து தெளிஞ்ச நாள்ல டென்மார்க் தெரியும். என் மனைவிக்கு."

"அது வேண்டாம்" என்றார் ராணி.

ஈட்டியைப் பிடித்திருந்த கைகளில் ஒரு சலசலப்பு. சீரை மறுப்பதா, திருமணத்தையே மறுப்பதா என்று யாருக்கும் விளங்கவில்லை. அரசரின் முகம் வெளிறியது.

"வேற என்ன வேணும்? கேளு."

"கோல்மோசா."

யாரோ சிரித்துவிட்டார்கள். கோல்மோசா காட்டுக்கு நடுவே ஒரு சதுப்பு. நாலைந்து வீடு, கரி சுடுகிறவர்கள், கொசு. வரி என்று அங்கிருந்து வருவது கொஞ்சம் தாரும் மரக்கரியும்தான். கடலும் தெரியாது, ஏரியும் தெரியாது. எந்த மேட்டில் ஏறி நின்றாலும் மரம்தான்.

"அங்க ஒண்ணும் இல்லயே" என்றார் அரசர்.

"கோல்மோசாவச் சொல்லுங்க."

அரசர் சொன்னார். ஈட்டியைப் பிடித்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள், சீர் செல்லுபடியாகிவிட்டது. ஏன் அந்த ஊர் என்று அரசர் அங்கேயே கேட்டார். எப்பே அன்று மாலை குதிரைகளின் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே கேட்டான். பின்னாளில் நானும் ஒரு முறை கேட்டேன். எஸ்திரித் ராணி எங்களில் யாருக்கும் சொல்லவில்லை.